ஒரு வீட்டுக்கு ஒரு கை

ஜேர்மனியின் எசன் நகரத் தமிழர் மன்றத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்குத்தான். அதையும் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். தலைவர் பதவிக்கு நின்ற எனக்கு அந்த வழக்கத்தில் பிழை தெரியவில்லை. எங்கள் வாக்கு என் கணவர் அம்புறோசின் பேரில் இருந்தது. வீட்டு வாக்குத்தானே, எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

எதிரே நின்றவர் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் புவனேந்திரன். அவர் வென்றால் மன்ற மண்டபம் சனிக்கிழமைகளில் கலியாணங்களுக்கு வாடகைக்குப் போகும். பதினொரு வருடமாக நான் நடத்தும் தமிழ்ப் பள்ளி தெருவில் நிற்கும். மனிதர் ஒரு மாதமாக வீடு வீடாக விஸ்கிப் போத்தலோடு திரிந்தார். வாங்கி வைத்தவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. மானங்கெட்டவர்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

கூட்டத்தில் முதலில் எனக்கு எண்ணினார்கள். முப்பது. பின்வரிசையில் அம்புறோஸ் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ, கையைத் தூக்குங்கோ!" என்று மேடையிலிருந்தே கூப்பிட்டேன். மண்டபம் சிரித்தது. அவர் நிமிரவில்லை.

பிறகு புவனேந்திரனுக்கு எண்ணினார்கள். முப்பத்தொன்று. கடைசிக் கை அம்புறோசுடையது.

அவரை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எத்தினை போத்தில் தந்தவன்?"

"போத்தில் இல்லை, பிரபா. றொனால்டுக்கு அவுஸ்பில்டுங். புவனேந்திரன்ரை கராஜிலை."

எங்கள் மகன் றொனால்ட் இரண்டு வருடமாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்து, எல்லோரும் கைவிரிக்க, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவன். நேற்றுத்தான் முடி வெட்டிக்கொண்டு வந்து என்னோடு இருந்து சாப்பிட்டான்.

"அவனுக்குத் தெரியுமோ?"

"இல்லை. தன்ரை கெட்டித்தனத்திலை கிடைச்சதெண்டு நினைக்கிறான். நீ வாயைத் திறந்தால் அதுவும் போயிடும்."

மன்றச் செயலாளர் கஜரூபன் தேர்தல் முடிவுத் தாளோடு வந்தான். "அக்கா, முறைப்பாடு ஏதும் இருந்தால் இப்ப சொல்லுங்கோ. இல்லையெண்டால் இதிலை ஒரு கையெழுத்து."

வெட்கமாக இருந்தது. "ஒண்டுமில்லை, தம்பி" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

வாசலில் குமுதினி நின்றாள். பிள்ளையைத் தனியாக வளர்ப்பவள். போத்தலை வாங்காமல் புவனேந்திரனைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குக் கை உயர்த்தியவள்.

"அழாதைங்கோ ரீச்சர். நாங்கள் நேர்மையாய்த்தானே தோத்தனாங்கள்" என்றாள்.

நான் ஓம் என்றேன்.