மடம் கிரப்பீவா

பாரிஸ் லா சப்பலில் இந்திராதேவியின் தையல் கடைக்குள் கால் வைக்கிறவர்களுக்கு முதலில் கேட்பது மெஷின் சத்தமல்ல, அவருடைய சத்தம்தான். அன்றைக்கு, அங்கே தைக்கிற பூரணி ஒரு சாறிச் சட்டைக்குக் கையை மாற்றிப் பொருத்திவிட்டாள்.

"கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு தைச்சனீ? முழங்காலிலையோ?"

ஏசி முடித்துவிட்டு இந்திராதேவி தேத்தண்ணி குடிக்க வெளியே போனார். பாவாடைக்குச் சிப் மாற்ற வந்திருந்த கலீனா மெல்லச் சிரித்தாள். ரஷ்யக் கிராமங்களில் சனம் ஒருவருக்கொருவர் வைக்கும் பட்டப்பெயர்களை ஆராய்கிறவள் அவள்.

"நான் போன ஊர்களில் இப்படி ஒரு கோபக்காரி இருந்தால் கிரப்பீவா என்பார்கள்" என்றாள் பிரெஞ்சில். "தொட்டால் சொறியுமே, அந்தச் செடி."

"காஞ்சோண்டி!" என்று துள்ளினாள் பூரணி.

அடுத்த நாளே தொடங்கிவிட்டது. "கிரப்பீவா வாறா, கதையாதை" என்று பக்கத்து மெஷினில் இருந்த சிவாஜினிக்குச் சொல்லுவாள். தமிழில் பட்டம் வைத்தால் பிடிபடும். ரஷ்யப் பட்டம் யாருக்கு விளங்கப்போகிறது?

ஒருநாள் இந்திராதேவி நேரே கேட்டார். "அதென்ன நெடுகக் கிரப்பீவா, கிரப்பீவா எண்டு?"

பூரணி மெஷினை நிறுத்தினாள். "அது... ரஷ்யச் சொல்லு அக்கா. கெட்டிக்காரப் பொம்பிளையளை அப்பிடித்தான் சொல்லுவினமாம்."

"ஓமோ?"

அன்றைக்கு முழுக்க ஏச்சு இல்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைக்கு அந்தப் பெயரிலேயே புதுப் பலகை செய்யக் கொடுத்துவிட்டார்.

பலகை செய்த அர்னோ ஏணியில் நின்று பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கலீனா பாவாடையை வாங்க வந்தாள். அண்ணாந்து பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "மடம், தன் கோபத்தையே கடைக்குப் பெயராக வைத்த ஆளை நான் எங்கேயும் கண்டதில்லை!" என்று இந்திராதேவியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். செடியையும் சொறியையும் விளக்கியும் விட்டாள்.

இரண்டு மெஷின்களும் நின்றன. இந்திராதேவியின் முகம் சிவந்தது, வாய் திறந்தது. கலீனா ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"கழற்றவா, மடம்?" என்றான் அர்னோ.

"இருக்கட்டும். விலை குறைக்கச் சொல்லி வாறவை வாசலிலையே யோசிப்பினம்." பிறகு பூரணி பக்கம் திரும்பினார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "இண்டையிலிருந்து ரெலிபோன் எடுக்கிறது நீ. 'பொன்ஜூர், கிரப்பீவா' எண்டு சொல்லித்தான் எடுக்கவேணும். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் ஒபர்வில்லியேயிலிருந்து கடைக்குத் துணி அனுப்புகிறவருக்கு அது அவளுடைய பெயர் என்றுதான் விளங்கியது. பொதிகள் 'மடம் கிரப்பீவா'வுக்கு வரத் தொடங்கின. கலீனாவின் சிநேகிதிகள் வாசலில் எட்டிப் பார்த்து, "இங்கே யார் கிரப்பீவா?" என்று கேட்டால், இந்திராதேவி தலை நிமிராமல் பூரணி பக்கம் விரலை நீட்டுவார்.

ஒரு பின்னேரம் பூரணி பொறுமை இழந்தாள். "என் பெயர் பூரணி! பூ-ர-ணி! எத்தனை தரம் சொல்வது?" என்று ரெலிபோனுக்குள் கத்தினாள்.

"சரி, சரி, கோபிக்காதீர்கள்" என்றது ஒபர்வில்லியே. "இப்போதுதான் விளங்குகிறது, ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று. இங்கே துணி வாங்க வந்த கலீனா அந்தச் செடியைப் பற்றிச் சொன்னாள்."

சிவாஜினி சிரிப்பை அடக்கமுடியாமல் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஓடினாள். இந்திராதேவி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.