கவுஸ் வீட்டுக் குடிதண்ணீர்

ஊருக்கெல்லாம் குடிதண்ணீர் கொடுக்கிற முகம்மது கவுஸின் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. இந்தக் கூத்து அவனுக்கே தெரியவந்தது எண்பத்து நாலாம் வருஷம், ஐப்பசியில் ஒரு மதியம். சாப்பாட்டுக்கு வந்தவன், மனைவி வஹிதா இடுப்பில் குடத்தோடு பக்கத்து வீட்டு ஜானகியம்மாளின் கிணற்றடியிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டான். அவன் வீட்டு வாசலிலேயே குழாய் இருக்கிறது. அதில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

ஏன் என்று கேட்டான். வஹிதா மழுப்புகிற ஆள் இல்லை. குழாயில் ஒரு வெள்ளைக் கிண்ணம் நிறையப் பிடித்து அவன் முன்னால் வைத்தாள். ஒருமுறை டீ போட்ட தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம்.

"தொவைக்க, கழுவ எல்லாம் உங்க தண்ணிதாங்க. பாப்பாவுக்குப் பால் கரைக்க மட்டும் மனசு வர்ல," என்றாள். பாப்பா ஷகிலாவுக்கு எட்டு மாதம். அதோடு விட்டிருக்கலாம். "சென்றாயண்ணன் இருந்தப்ப இப்படி வர்லியாங்க, ஜானகியம்மா சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். கவுஸுக்குச் சோறு இறங்கவில்லை.

இறங்குமா பின்னே? சென்றாயன் அவனுக்கு முன்னால் ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவன், பரம சோம்பேறி. ஷெட்டுக்குள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதிலேயே சர்வீஸை ஓட்டிவிட்டுப் போனவன். கவுஸ் அப்படியா? ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சேற்றுத் தண்ணீரைத் தெளிய வைத்துத் தொழில் படித்தவன். முதலில் சுண்ணாம்பு, பிறகு படிகாரம், அப்புறம் மணல் வடிகட்டி, கடைசியில் பிளீச்சிங் பவுடர். அங்கே சொல்லிக்கொடுத்த வரிசை அது. சித்திரையில் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருநாள் கூட அவன் அதை மாற்றியதில்லை.

கோடையெல்லாம் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. மழை பிடித்ததும்தான் வினை. சித்தேரி மலைக்காட்டில் உதிர்ந்த இலையெல்லாம் ஊறி, அந்தச் சாயம் ஓடையோடு இறங்கி, நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கிற குட்டைக்கு வந்தது. படிகாரம் போட்டால் சேறு அடங்கியது, சாயம் அசையவில்லை. சுண்ணாம்பைக் கூட்டிப் பார்த்தான், படிகாரத்தைக் கூட்டிப் பார்த்தான். ஆபீசுக்கு எழுதினான், மழை நிற்கட்டும், சரியாகும் என்று பதில் வந்தது. மழை நிற்கும்வரை தன் பிள்ளை பக்கத்து வீட்டுத் தண்ணீரில் வளர வேண்டுமா?

மூன்று நாள் பொருமிவிட்டு நாலாம் நாள் பொம்மிடிக்கு பஸ் ஏறினான். சென்றாயன் அங்கே ரயிலடிப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். உட்கார்ந்த இடத்தில் நடக்கிற தொழில். அவனுக்கென்றே செய்த மாதிரி. அந்த மனுஷனிடம் போய்க் கேட்க கவுஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடையை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டு, மூன்றாவது தடவைதான் உள்ளே நுழைந்தான்.

சுண்ணாம்பு எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டதும் சென்றாயன் வெலவெலத்துப் போனான். யாரோ பழைய புகாரைக் கிளப்பிவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு பிடி சுண்ணாம்பைக் கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை என்று சத்தியம் செய்தான். அதற்கு வரவில்லை, தண்ணீர் பழுப்பாக வருகிறது, உங்கள் காலத்தில் வரவில்லையாமே என்று கவுஸ் உள்ளதைச் சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"காலைல படிகாரத்தைக் கொட்டிட்டுப் படுத்துருவேனுங்க பாய்," என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. "சுண்ணாம்ப யாரு அந்நேரத்துல கரைக்கிறது? மத்தியானம் முழிச்சா, வடிகட்டி வந்த தண்ணியில போட்டு வுட்டுருவேன். அந்தத் தொட்டிதானுங்க கட்டிலுக்குப் பக்கம்."

கவுஸுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து ஆள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். மஞ்சளில் பட்டால் சிவக்க வைக்கிற சரக்கு. அது படிகாரத்துக்கு முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் இலைச்சாயம் இன்னும் கருக்காதா, அப்புறம் போடுகிற படிகாரத்துக்குத்தான் பிடி கொடுக்குமா? அடக் கடவுளே என்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் குட்டைத் தண்ணீரை நிரப்பி வரிசையாக வைத்தான். மூன்றில் வழக்கம்போல முதலில் சுண்ணாம்பு, பிறகு படிகாரம். மூன்றில் வெறும் படிகாரம். குச்சியால் கலக்கிவிட்டு அரைமணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்பு போட்ட மூன்றும் அதே டீ நிறம். போடாத மூன்றிலும் சாயம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைப் போல நின்றது. ஆனந்தத்தில் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கூடவே எரிச்சலும் வந்தது. இத்தனை நாளாக ஊருக்குச் சாயத் தண்ணீர் கொடுத்தது அவனுடைய ஒழுங்குதான், வேறொன்றுமில்லை.

அன்றே வரிசையை மாற்றினான். குட்டைத் தண்ணீருக்குப் படிகாரம் மட்டும். குழாய் அரிக்காமலிருக்கச் சுண்ணாம்பு வடிகட்டிக்கு அப்புறம். பழைய தண்ணீர் வடிந்து குழாய் தெளிய இரண்டு நாள் ஆனது. வீட்டில் அவன் வாயே திறக்கவில்லை. குடியுங்கள் என்று சொல்லிக் குடிக்க வைக்க அவனுக்கு மனமில்லை. வஹிதாவும் ஒன்றும் கேட்காமல் கிணற்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் அவன் வந்தபோது ஷகிலா வஹிதாவின் மடியில் கிடந்தாள். பால் புட்டி தயாராக இருந்தது. எந்தத் தண்ணீர் என்று கேட்டான்.

"நம்ம குழாய்த் தண்ணிதாங்க. மூணு நாளா பாத்துட்டுத்தான் புடிச்சேன். காய்ச்சி ஆத்தியிருக்குது," என்று புட்டியைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

இதற்காகத்தானே பொம்மிடி வரை போய் வந்தான். ஆனால் அவன் கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இரு என்றான். காலையில் படிகாரத்தைச் சரியாக எடைபோட்டோமா, பிளீச்சிங் பவுடர் போதுமா? எல்லாம் சரியாகச் செய்தது அவனுக்கே தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. காய்ச்சிய பாத்திரத்தில் மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றி, வாசல் வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, ஒரே மூச்சில் குடித்தான்.

"நானூறு வூட்டுக்குத் தெறந்து வுட்டப்ப வராத பயம், இப்ப வருதுங்களா?" என்றாள் வஹிதா. குத்திக் காட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"வருது," என்று அவள் கையை விட்டான்.

ஷகிலா கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக் குடித்தாள். கவுஸ் சாப்பிட உட்காரவில்லை. இன்னும் எத்தனை வீட்டில் இந்நேரம் பால் கரைக்கிறார்களோ என்று நினைத்தபடி, சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பினான்.