பத்தியம் முறிந்த மத்தியானம்

அது 1998. ஒரே வருஷத்தில் சுவாமிநாதன் பாதியாக இளைத்துப்போனான். எச்.ஐ.வி. எப்படி வந்தது என்ற சண்டையும் அழுகையும் ஓய்ந்த பிறகு, அந்த மயிலாப்பூர் வீட்டில் மிச்சமிருந்தது ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை நாள்? ரத்னா அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. கணவனுடைய பேண்ட்டின் இடுப்பை மட்டும் அவ்வப்போது பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அடியோடு குணமாக்குவதாகச் சொன்ன வேளச்சேரி வைத்தியரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். லேகியம் பலிக்கக் கடும் பத்தியம் வேண்டும் என்றார் அவர். உப்பு, புளி, பருப்பு, பால், தயிர் எல்லாம் விலக்கு. சுவாமிநாதன் ஒரு வேளைகூடத் தவறவில்லை. இளைக்க இளைக்க, நோய் முற்றுகிறது என்று இருவரும் பயந்தார்கள். பயந்து, பத்தியத்தை இன்னும் இறுக்கினார்கள்.

தைத்த பேண்ட்டும் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான், அடையாறில் இந்த நோய்க்கென்றே பார்க்கும் டாக்டரம்மாவிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள், அவனுக்கு நெஞ்சைப் படம் பிடித்தார்கள். இன்று முடிவு சொல்கிற நாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"தினம் என்ன சாப்பிடறார்?"

காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி வேகவைத்த புடலங்காய் என்றாள் ரத்னா.

"காசநோய் இல்லை. எதிர்ப்புச் சக்தி நல்லாவே இருக்கு. நோய் இவரை இன்னும் ஒண்ணும் பண்ணலம்மா. நீங்கதான் பட்டினி போட்டிருக்கீங்க."

எதிர்ப்புச் சக்தி நன்றாயிருப்பது லேகியத்தின் வேலையோ என்று சுவாமிநாதன் மெல்லக் கேட்டான். டாக்டர் மறுத்தார். குணமாக்கும் மருந்து இன்னும் உலகத்தில் யாரிடமும் இல்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளிநாட்டில் கூட்டு மாத்திரைகள் வந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அவை கிருமியை அடக்கும், அழிக்காது. விலையும் யானை விலை. இவருக்கு இப்போது அவசியமில்லை. வேண்டிவரும்போது விலை இறங்கியிருக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ரத்னாவுக்குத் தொற்றவில்லை என்றும், ஆணுறை இருந்தால் தம்பதியாகவே வாழலாம் என்றும் கூச்சமில்லாமல் சொன்னார். சுவாமிநாதன் மேஜையைப் பார்த்தான். ரத்னா அவனைப் பார்த்தாள்.

குணமாகாது என்று கேட்டுவிட்டு வந்தவளுக்கு நெஞ்சு ஏன் இப்படி லேசாகிறது என்று அவளுக்கே புரியவில்லை. தெருமுனை ஹோட்டலில் அவன் தோசையைச் சாம்பாரில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மருந்து கண்டுபிடிக்கற வரைக்கும் நான் இருப்பேனா, ரத்னா?"

"அவா நிதானமாவே கண்டுபிடிக்கட்டும். அதுக்குள்ள நீங்க இன்னொரு தோசை சொல்லுங்கோ."

"நீயும் காலம்பறலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலயே" என்று சொல்லிவிட்டு, சர்வரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான்.