பதினெட்டில் ஒட்டிய பிளாஸ்திரி

விக்னராஜா கை ஓங்கினால் இடம் வலம் பார்க்கமாட்டான். எழுபத்தாறாம் ஆண்டு மே மாதம், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் குமிழைக் கூட்டிவிட்டாள் என்று மனைவி சிவனேஸ்வரியின் முன்பல் விழ அறைந்தான். அடித்த கையோடு, சுவரில் இருந்த குமிழைப் பதினெட்டு டிகிரியில் நிறுத்தி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டான். அவளுடைய கிழிந்த உதட்டுக்கு ஒரு துண்டு பிளாஸ்திரி மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. ஆனால் மெல்பேர்ணில் ஜூலைதான் கடுங்குளிர்காலம்; மாதம் பிறந்ததும் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்தது. மெல்லிய ஜன்னல் கண்ணாடி வழியே வீட்டுச் சூடு வெளியே ஓட, அதை ஈடுகட்ட ஹீட்டர் அடிக்கடி தானாகவே குப்பென்று பற்றியது. குமிழ் என்னவோ அதே பதினெட்டில்தான். எல்லாம் அவள் தலையில் வந்து விடிந்தது.

யாழ்ப்பாணத்தில் அடுப்பு தானாக எரியாது, யாராவது மூட்டவேண்டும். கணக்காளர் உத்தியோகம் பார்க்கிற அந்த மடையனின் மண்டையில் அதுதான் நின்றது.

"உரிச்சுப்போட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறாய், என்ன?"

"நான் தொடேல்லை. வெளியிலை குளிர் கூடிப்போச்சு. அதுதான் கனதரம் எரியுது."

"குளிர் வந்து குமிழைத் திருகுதோ?"

அன்று பெல்ட்டால் அடித்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்னொருதரம் எரிந்தால் வலக்கையை முறிப்பேன் என்றும் சொல்லிவைத்தான். அவள் ஹீட்டரின் சத்தத்துக்கே நடுங்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை காலை அவள் குசினியில் தேநீருக்குக் கொதித்த கேத்தலைத் தூக்கியபோது, ஹோலில் ஹீட்டர் பற்றியது. வெறும் மேலோடு, இடுப்பில் கட்டிய சாரத்தோடு எழும்பி வந்தவன் அவளுடைய வலக்கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். கை மளுக்கென்றது. அவள் கத்திக்கொண்டே, இடக்கையில் இருந்த கேத்தலைப் பின்பக்கமாகச் சரித்தாள். கொதிநீர் அவன் பாதத்தில் கொட்டியது.

அலறியபடி பின்கதவைத் திறந்து உறைந்த புல்லில் குதித்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"திறவடி! விறைக்குது!"

திறந்த கதவால் புகுந்த குளிருக்கு ஹீட்டர் மறுபடி பற்றியது.

"கேக்குதோ?" என்றாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று. "நான் இஞ்சை நிக்கிறன். கை முறிஞ்சு தொங்குது. இப்ப ஆர் திருகினது?"

வெளியே அவனுக்குப் பற்கள் தந்தியடித்தன. பிறகு மெதுவாக, "குளிர்தான்... ஓம், குளிர்தான். திற."

அவள் திறக்கவில்லை. ஹோலுக்குப் போய் இடக்கையால் பிளாஸ்திரியை உரித்தாள். குமிழை முப்பதுக்குத் திருகினாள். இந்தமுறை அவள்தான் திருகினாள்.