ஒருத்தருக்கு ஒண்ணுதான்

பெரிய கடையின் மூன்றாவது மாடியில், பாத்திரப் பிரிவின் நடுவில் ஒரு மேஜை. மேஜையில் மின்சார அடுப்பு, அடுப்பில் நான்ஸ்டிக் சட்டி, சட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் ஆள். கடையில் எல்லோருக்கும் அவர் 'சட்டி அண்ணன்'. அறுபது எட்டிப் பார்க்கிற வயசுதான். ஆனாலும் யாரையும் மாமா என்று கூப்பிட விடமாட்டார். "என்னை மாமான்னு கூப்பிட்டா, சட்டியும் பழசாத் தெரியும்" என்பார்.

அவர் சுடுவது பான்கேக், விற்பது சட்டி. மாவு, முட்டை, பால், ஒரு கரண்டி பேக்கிங் பவுடர், இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் எதிரே நிற்கிற ஆளைப் பொறுத்தது. காலையில் கூட்டம் தூங்கி வழிந்தால் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும். அந்த வாசனை லிஃப்ட் வரைக்கும் போய் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வரும். பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களுக்கு மசித்த வாழைப்பழமும் பட்டைத்தூளும், மேலே உருக்கிய சாக்லெட்டில் ஒரு சிட்டிகை உப்பு. மதியம் பசியோடு நுழைகிற ஆபீஸ்காரர்களிடம் இனிப்பு செல்லாது. அவர்களுக்கு சீஸும் பச்சை மிளகாயும், இல்லாவிட்டால் மிளகு போட்டு வதக்கிய காளான். மாமியாரும் மருமகளும் ஜோடியாக வந்தால் ஒரே சட்டியில் ஒரு பக்கம் தேன், ஒரு பக்கம் சோளமும் வெங்காயத்தாளும். "ஒரே அடுப்பு, ரெண்டு ருசி. இதுக்கு மேல சண்டை வந்தா சட்டியைக் குத்தம் சொல்லாதீங்க."

எதைச் சுட்டாலும் அளவு மட்டும் மாறாது. கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வயிறு நிறைந்தவன் வாங்க மாட்டான் என்பது அவர் தொழில் கணக்கு. நாக்கை எழுப்பிவிட வேண்டும், வயிற்றைக் காயப்போட வேண்டும். யாராவது இரண்டாவதுக்குக் கை நீட்டினால், சிரித்த முகமாகவே ஒரு வசனம் வரும்: "ஒருத்தருக்கு ஒண்ணுதான். சட்டியை வாங்கிட்டுப் போங்க, வீட்ல உக்காந்து தினமும் சாப்பிடலாம்."

முகத்தைப் பார்க்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. வாங்குகிற முகமும் வாங்காத முகமும் ஒரே மாதிரிதான் சப்புக் கொட்டும். கை அப்படியில்லை. நகம், வளையல், பையைப் பிடித்திருக்கிற பிடி என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும். பேச்சிலும் அவருக்கு ஓர் அளவுகோல் உண்டு. கைப்பிடி சுடுது, கனம் ஜாஸ்தி என்று குறை சொல்ல ஆரம்பித்தவர் பாதி வாங்கிவிட்டார். 'பார்க்கலாம்' என்று சொன்னவர் படி இறங்கிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம், வாலிபத்தில் மொத்த வியாபாரிகளிடம் அடிபட்டுக் கற்றது. முதலில் வாயைத் திறக்கிறவன் இறங்கிப் போகிறான். வேண்டும் என்பதைக் காட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை.

இந்தப் பாடத்தை அவர் வீட்டுக்கும் எடுத்துப் போனதுதான் வினை.

வீட்டில் இப்போது அவர் மட்டும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் பக்கத்து ஊரில், மருந்துக்கடை வேலையில் இருக்கிறாள். அம்மா இருந்தவரை மகள் வந்து போவாள். வா என்று சொல்கிற வாய் அம்மாவுடையது. அவள் போன பிறகு அந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. போனில் "நல்லா இருக்கீங்களாப்பா?" என்பாள். "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்பார். வா என்று அவர் சொல்ல மாட்டார், வரட்டுமா என்று அவள் கேட்க மாட்டாள். அவர் மகளாயிற்றே, அவளுக்கும் அதே ரத்தம். பேச்சு சுருங்கிச் சுருங்கி, வானிலை அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது. போனை வைத்த பிறகு அவர் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே ரெண்டு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் படுப்பார். நாளெல்லாம் ஊருக்குச் சுட்டுப் போடுகிற மனிதர், தனக்கென்று ஒரு தடவைகூட சட்டியை அடுப்பில் வைத்ததில்லை.

அன்றைக்கு மதியம் நல்ல கூட்டம். சீஸும் மிளகாயும் போட்டுச் சுட்டு, பல்குச்சியில் குத்திக் குத்தி நீட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. வளையல் இல்லை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது, கட்டைவிரல் ஓரம் பிறை மாதிரி ஒரு பழைய சூட்டுத் தழும்பு. அடுப்படி தெரிஞ்ச கை, ஆனா வாங்காது என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டு, கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அதே கை திரும்பவும் நீண்டது.

"இன்னொண்ணு கிடைக்குமா?"

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்மா. சட்டியை வாங்கிட்டுப் போங்க, வீட்ல உக்காந்து தினமும் சாப்பிடலாம்."

கை பின்வாங்கியது. அவர் அடுத்த கைக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும், பக்கத்து மேஜையில் ஜூஸ் மிஷின் விற்கிற பெண் வந்து சாய்ந்து நின்றாள்.

"ஏண்ணே, அந்தப் பச்சைச் சட்டைக்காரப் பொண்ணு உங்க சொந்தமா?"

"எந்தப் பச்சைச் சட்டை?"

"அதானே. நீங்க எங்க ஆளைப் பார்த்தீங்க. ரொம்ப நேரமா தூண் ஓரம் நின்னு உங்களையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. உங்க மூக்கை அப்படியே கழட்டி மாட்டின மாதிரி ஒரு மூக்கு. அப்புறம் வந்து ஒண்ணு வாங்கித் தின்னுச்சு. ரெண்டாவது கேட்டதுக்கு உங்க வசனத்தை எடுத்து விட்டீங்களே."

அவர் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"கட்டைவிரல்ல தழும்பு இருந்துச்சு" என்றார், யாரிடமோ சொல்வது போல.

சின்ன வயதில் மகள் பள்ளிக்கூட விடுமுறையில் இதே மேஜைக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுவாள். ஒரு நாள் எழுந்து அடுப்பைத் தொட்டுவிட்டாள். அழுத பிள்ளையின் விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே அன்றைக்கு மூன்று சட்டி விற்றவர் அவர். அந்தக் கையில் இருந்த எல்லாவற்றையும் இன்றைக்கு வாசித்துவிட்டார், யாருடைய கை என்பதைத் தவிர.

"ஆனா ஒண்ணுண்ணே, போறப்போ பில் போட்டு உங்க சட்டியை வாங்கிட்டுத்தான் போச்சு."

சாயங்கால ஆள் வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, சரக்கு வாசல் படிக்கட்டில் நின்று போன் போட்டார்.

"சொல்லுங்கப்பா."

"எங்க இருக்க?"

"பஸ்ல. ஏறிட்டேன்."

"கடைக்கு வந்தியாமே."

"சும்மா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

சும்மா என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவருக்குத் தெரியாதா.

"அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா பாப்பா?"

"கூப்பிடாமலே தெரியுதான்னு பார்த்தேன்."

பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "எந்தச் சட்டி வாங்கின?"

"பெருசு."

"விலையில ஏதாவது குறைச்சாங்களா? சட்டி அண்ணன் மகள்னு சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டப்பா? உங்ககிட்டயேவா?"

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. யாரோ டிக்கெட் கேட்டார்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். வாழ்நாள் முழுக்க எதிராளியின் வாயைத் திறக்க வைத்தவர், இப்போது தானே முதலில் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

'வேலையிருந்தா பரவாயில்லை' என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"பார்க்கலாம்பா" என்றாள் அவள்.

பார்க்கலாம். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டில் ஒற்றை ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். ரெண்டு பேர் உட்கார வாங்கின சோபாவில் ஒரு ஓரம் மட்டும் குழிந்திருந்தது. கடையில் மிஞ்சின மாவை அன்றைக்கு டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். அலமாரியில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்த சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். வெண்ணெய் உருகியது. மாவை ஊற்றினால், கை பொத்தான் அளவில் தானாக நின்றது. சட்டி நடுவில் அந்தப் பொட்டு தனியாகக் கிடந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினார், இன்னொன்றும். மாவு மெல்ல நகர்ந்து விளிம்பைத் தொட்டது.

இவ்வளவு பெரிசை அவர் திருப்பியதே இல்லை. மணிக்கட்டு பழைய கணக்கில் சுண்டியது. பான்கேக் பாதியில் மடிந்து, கிழிந்து, சட்டிக்கு வெளியே ஒரு கால் நீட்டியது. கடையில் யாராவது பார்த்திருந்தால் அன்றோடு பிழைப்பு போயிருக்கும். அப்படியே தட்டில் வாரிப் போட்டார். ஒரு துண்டில் எலுமிச்சையும் சர்க்கரையும், மறு துண்டில் சீஸும் மிளகாயும் போட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாள் பூரா நின்ற கால் அப்போதுதான் வலித்தது.

மிளகாய்த் துண்டைப் பாதி தின்றிருப்பார். போன் அடித்தது.

"அப்பா, இதை எப்பத் திருப்பணும்? ஓரம் காஞ்சதுமா?"

பின்னால் சட்டியின் சீறல் கேட்டது.

"ஓரத்தை நம்பாதே. நடுவில குமிழ் வெடிக்கும். அந்த ஓட்டை மூடாம நின்னா அப்பத் திருப்பு."

"அதுக்குள்ள திருப்பிட்டேன். கிழிஞ்சு போச்சு."

"எனக்கும்தான்."

"உங்களுக்கா? நீங்களா கிழிச்சீங்க?"

"பெருசா சுட்டுப் பார்த்தேன்."

"ஒத்தை ஆளுக்கு எதுக்குப்பா பெருசு?"

இந்தக் கேள்விக்குக் கடையில் வசனம் கிடையாது. தட்டைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குப் பழகறேன்."

அடுப்பைக் குறைத்திருப்பாள் போல, சீறல் அடங்கியது.

"இன்னிக்குக் குடுத்தது காரம் ஜாஸ்திப்பா" என்றாள். "மிளகாயை அவ்வளவு பெருசாவா வெட்டுவாங்க? வாயெல்லாம் எரிஞ்சுது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசியிருப்பார்.

"சொல்லு" என்றார். "வேற என்ன குறை?"