கோபம் இல்லை என்றது டம்ளர்

...எதைக் கேட்கப் போனோம், எதைக் கேட்டுத் தொலைத்தோம் என்று நல்லசிவத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, மாருதியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே கூசியது, எழிலரசி கியரை மாற்றி அடையாறு பாலத்தைத் தாண்டினாள். டிரைவருக்குத் தெரியக் கூடாதென்று அவளையே ஓட்டச் சொன்னது என்ன, கட்சிக் கரை வேட்டியைக் களைந்துவிட்டுப் பேன்ட் மாட்டிக்கொண்டது என்ன... பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று ஊர் ஊராக முழங்கிக் கைதட்டல் வாங்கிய மனுஷன் ஆவியோடு பேசப் போகிறார், எவனாவது பார்த்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும், ஆனால் இப்போது உறுத்துவது அந்த மானம் இல்லையே.

இது பக்தி இல்லை சார், ஆராய்ச்சி என்று ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியர் சுவாமிநாதன் போனிலேயே சொல்லியிருந்தார், இவரும் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், ஆராய்ச்சி என்றால் பகுத்தறிவுதானே... இங்கிலீஷ் எழுத்துகளை வட்டமாக எழுதிய பலகை, நடுவில் கவிழ்த்த டம்ளர், அதன் மேல் பேராசிரியர், இவர், எழிலரசி என்று மூன்று பேர் விரல். இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "அவா வந்துட்டா, பேசுங்கோ." மனைவி சுந்தரவல்லிக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாதே என்று தோன்றியது, தோன்றியதை அமுக்கிக்கொண்டார், ஏனென்றால் டம்ளர் உரசுகிற சத்தம் கேட்டது, பேராசிரியர் எழுத்து எழுத்தாகப் படித்து, கோபம் இல்லை என்று சொல்றா சார் என்றார். போன தேர்தலின்போது அவள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள், இவர் கூப்பிடு தூரத்தில், சைதாப்பேட்டையில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், மகள் ஆள் மேல் ஆள் அனுப்பினாள், இந்தத் தெரு முடியட்டும் என்றார், தெரு முடிவதற்குள் அவள் போய்விட்டாள்... அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனார், சத்தியமாக அதற்குத்தான், கண்கூட நிறைந்துவிட்டது, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார், "தொண்ணூத்தாறு தேர்தல்ல தலைவர் எனக்கு சீட் குடுப்பாரா வல்லி?" செத்துப்போன பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா அது, எங்கிருந்து வந்தது, யார் கேட்டது... டம்ளர் உரசுகிற சத்தம் நின்றுவிட்டது. பேராசிரியர், "சக்தி கொறைஞ்சுடுத்து, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சமாளித்தார்.

மந்தைவெளி சிக்னலில் வண்டி நின்றது. பேசாமல் இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை.

"அந்தக் கேள்விக்கு மட்டும் ஏம்மா நின்னுபோச்சு?"

எழிலரசி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கைய எடுத்துட்டேம்பா."

இவள் கையை எடுத்தால் நின்றுவிடுமா, அப்படியானால் அதுவரை... கோபம் இல்லை என்றது யார், அம்மாவின் கட்டிலருகே ஒண்டியாக உட்கார்ந்திருந்த பெண் இத்தனை நாளாக இவரிடம் சொல்ல முடியாததை டம்ளரை நகர்த்தியா சொன்னாள், அவளிடம் போய்த்தானா சீட் கேட்டார்... வெட்கத்தில் காது சுட்டது, பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், அவள் வண்டியை எடுத்தாள், இப்பவும் கோபம் இல்லையாம்மா என்று இனி எந்த முகத்தோடு கேட்பது.