மீன் டாக்டர்மேல் படிந்த பொடி

மீன் டாக்டரின் உடம்பில் தங்கப்பொடி படிய ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலையில். அன்றைக்குத் தண்ணீர் லாரி வராமல் தெருவே குடங்களோடு நின்றிருந்ததால் சாட்சிக்குக் குறைவில்லை. முதலில் தோள்பட்டையில், பிறகு புறங்கையில், சலித்த மாவு போல அவ்வளவு நைஸாகப் படிந்தது. துடைத்தால் போகும், ஒரு மணி நேரத்தில் திரும்ப வரும். நகைக்கடைக்காரர் ஒரு சிட்டிகை வாங்கி உரசிப் பார்த்துவிட்டு, "தங்கமெல்லாம் இல்லண்ணே, சும்மா மினுக்குது" என்றதும் ஊரின் ஆர்வம் பாதி குறைந்தது. அது என்னவென்று மீன் டாக்டருக்கு மட்டும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். உப்புத்தண்ணீர் மீன்தொட்டிகளுக்கு பம்பும் விளக்கும் விற்கிற கடைக்காரர். வைத்தியம் பார்த்துப் பார்த்தே டாக்டர் ஆனவர். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர்தான். தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரே பார்வை பார்ப்பார், நோயின் பெயர் வந்து விழும். ஊரில் அவருக்கு 'ஒரே பார்வை' என்றே பட்டப்பெயர். அந்தப் பெயர்தான் அவரைக் கவிழ்த்தது.

தையற்கார அக்காவின் புருஷன் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சும் போய்ப் படுத்த படுக்கையானார். கட்டிலுக்கு எதிரே தொட்டி, அதில் ஒரே ஒரு கோமாளி மீன். இவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தால் அது கண்ணாடிக்கு வந்து நிற்கும். வேறு யார் கூப்பிட்டாலும் வராது. அந்த மீன் இரை எடுக்காமல், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, வெளிச்சத்துக்குப் பயந்து, பம்பிலிருந்து தண்ணீர் பாய்கிற இடத்தில் முகத்தை நீட்டிக்கொண்டே கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் முறை. உப்புக்கல் மாதிரி எண்ணக்கூடிய புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைப்புள்ளி. தண்ணீரில் உப்பைக் குறைத்தால் தீரும். எண்ண முடியாத பொடியாக மினுங்கினால் தங்கப்பொடி நோய். அன்றைக்கே மீனைத் தனி வாளிக்கு மாற்றி செம்பு மருந்து ஊற்றாவிட்டால் நாலு நாள் தாங்காது. டார்ச்சும் பையில் இருந்தது, செம்பு மருந்தும் பையில் இருந்தது. ஆனால் துணி தைக்கக் கொடுக்க வந்த நாலு பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும்போது, நேற்று தொழிலுக்கு வந்தவன் மாதிரி டார்ச்சை எடுப்பாரா ஒரே பார்வை? "வெள்ளைப்புள்ளிக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். மூன்று நாள் உப்பைக் குறைத்தார். நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, மீன் செத்து மிதந்தது.

அதோடு விட்டாரா? "தீனி யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் தம்பி. சாப்பிடலையேன்னு ரெண்டு சிட்டிகை கூடப் போட்டேன்."

"அதான். தண்ணி கெட்டுப்போச்சு. நோய் சாகடிக்கலக்கா, தீனிதான் சாகடிச்சிருக்கு."

கட்டிலில் இருந்தவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை. அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து பெண்டாட்டி கையால் ஒரு வாய் வாங்கவில்லை, மருமகள்தான் ஊட்டினாள். மீன் டாக்டர் செத்த மீனைக் கடைக்கு எடுத்துப்போய், அன்று சாயங்காலமே செவுளைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். தங்கப்பொடி நோயின் கிருமிகள் பேரிக்காய் பேரிக்காயாக இண்டு இடுக்கில்லாமல் ஒட்டியிருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள்தான் தண்ணீர் லாரி வராத அந்தப் புதன்கிழமை.

மூன்று வருஷம் ஓடியது. மீன் டாக்டருக்கும் அந்த மீன் மாதிரியே மூச்சு வாங்கியது, வெயில் கூசியது, ஃபேனைப் பார்த்தால் அதன் எதிரே முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். செம்பு மருந்தை வாளியில் கலந்து குளித்ததில் ஒரு வாரம் பச்சையாகத் திரிந்ததுதான் மிச்சம். ஊர் பழகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் அவர் உட்காரும் சீட்டில் பேப்பர் விரித்துவைத்தார். சலவைக்காரர் அவருடைய துணியைத் தனியாக ஊறவைத்தார். அவர் டார்ச் இல்லாமல் எந்தத் தொட்டியையும் பார்க்கவில்லை, தையல் கடைத் தெருப்பக்கம் தலைகாட்டவும் இல்லை. அக்காவுக்குப் பேரன் பிறந்தான். "என் கை ராசியில்லாத கை, நீயே ஊட்டும்மா" என்று மருமகளிடம் சொல்லி, ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கமாட்டேன் என்கிறாளாம். முடிவெட்டுகிறவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மீன் டாக்டர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார்.

அக்கா மிஷினில் இருந்தாள். "அக்கா, மீனை நீங்க சாகடிக்கல. நான்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உள்ள வந்து அவர்கிட்ட சொல்லுங்க."

கட்டிலில் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகிடம், பையிலிருந்த டார்ச், மருந்து, வாசலில் நின்ற நாலு பேர், ஒன்றும் விடாமல் சொன்னார். மூன்று நாளில் சொல்லியிருக்கலாம், மூன்று மாதத்தில் சொல்லியிருக்கலாம், வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார். அக்கா அடுப்படிக்குப் போய்க் குழையப் பிசைந்த சோற்றுக் கிண்ணத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் ஒரு கையை ஊன்றித் திரும்பினார். அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். முதல் வாய் பாதி தாடையில் வழிந்தது. அவர் மறுபடியும் வாயைத் திறந்தார்.

இரண்டு பேரும் மீன் டாக்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிண்ணம் காலியாகும்வரை கூனிக் குறுகி நின்றுவிட்டுப் போனார். பொடி மறுநாளும் படிந்தது, அதற்கு மறுநாளும் படிந்தது. அவர் நின்ற இடத்தில் இரண்டு பாத அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்ததை, அக்கா சாயங்காலம் நூல் துணுக்குகளோடு சேர்த்துக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள்.